நல்ல பெயின்ற்

மாங்குளத்து மாட்டுப் பண்ணையின் இரும்புக் குழாய் வேலிக்கு, ஒவ்வொரு ஆண்டும் மாரி முடிந்ததும் பெயின்ற் அடிப்பவள் சிவலட்சுமி. இந்த முறை அவள் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மேற்பார்வையாளர் மெல்ரொன் புது வாளியோடு வந்தான்.

“அக்கா, இது நல்ல பெயின்ற். பத்து வருசத்துக்குத் துருப் பிடிக்காது. நீங்கள் இனி இந்த வெயிலுக்குள்ள கஷ்டப்படத் தேவையில்லை.”

அவளுடைய கை நின்றது.

“பழைய பெயின்றே போதும்தானே தம்பி?”

“முதலாளி வாங்கித் தந்திட்டார்.”

“அப்ப உள்ளுக்கு வேற வேலை இருக்கோ? சாணி எண்டாலும் அள்ளுறன்.”

“எல்லாத்துக்கும் மெசின் வந்திட்டுது அக்கா. வெளியாக்களை இனி உள்ளுக்கு விட வேண்டாமெண்டும் சொல்லிப்போட்டினம். மகன்தான் கனடாவில நல்லா இருக்கிறாரே, ஏன் இப்பிடிக் கெஞ்சுறியள்?”

அவள் மறுபடி துருவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மாலையில் கடைசிக் குழாயையும் பூசி முடித்துவிட்டு, மாடுகள் படுத்திருந்த பாலை மரத்தடியைப் பார்த்தாள். இங்கே வேலி வருவதற்கு முன்பு, போர்க்காலச் செல்லடிக்கு நடுவே அவசரமாகக் குழி வெட்டி, ஆறு வயது மகளை அவள் அங்கேதான் புதைத்திருந்தாள். வேலைக்கு வந்த நாள்களில் மட்டும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவாள். வெளியே சொன்னால் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம்.

“வாங்கோ அக்கா, கேற்றைப் பூட்டப் போறன்,” என்றான் மெல்ரொன்.