ஸ்கிரீனைக் காட்டாதே!

"எத்தனை படம் வேணா எடு. ஆனா கேமரா ஸ்கிரீனை என் மருமகளுக்கு மட்டும் காட்டிடாதேம்மா."

சமையலறை வாசலில் நிறுத்தி வைத்துக் கிசுகிசுத்தாள் மாமியார்.

குடும்பப் படம் எடுக்க வந்த போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது. "ஏம்மா?"

"அதெல்லாம் கேக்காதே. ஸ்கிரீன் மடங்கும்ல? உள்பக்கமா மடக்கி மூடிடு. ஏன்னு கேட்டா, கீறல் விழுந்துடும்னு சொல்லு."

ஹாலை எட்டிப் பார்த்தாள் போட்டோக்காரி. மருமகளின் இடது கன்னத்தில் பழைய தீக்காயத் தழும்பு.

'ஓஹோ! இந்த மூஞ்சிக்குப் படம் ஒரு கேடான்னு நினைப்பு. கல்யாணமாகி முழுசா ரெண்டு மாசம் ஆகலை, அதுக்குள்ளயா?'

முதலில் நிற்க வைத்து எடுத்த படங்களை மாமனாரும் மகனும் ஆளுக்கொரு தடவை ஸ்கிரீனில் பார்த்துவிட்டார்கள்.

"அக்கா, நானும் பாக்கட்டுமா?" என்று மருமகள் ஆசையாக வந்தாள்.

டப்பென்று மடக்கி மூடினாள் போட்டோக்காரி. "கீறல் விழுந்துடும்மா, அதான்..."

சொல்வதற்கே கூசியது.

எல்லாரையும் சோபாவில் உட்கார வைத்தாள்.

"என் மண்டையைக் கொஞ்சம் பாத்து எடும்மா," என்றார் மாமனார், வழுக்கையைத் தடவிக்கொண்டு. "வெளிச்சம் பட்டா உன் கேமராவுக்குக் கண்ணு கூசிடும்!"

மருமகள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். க்ளிக்!

மாமியார் எல்லாருக்கும் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். இதுதான் சமயம் என்று ஸ்கிரீனைத் திறந்து மருமகளிடம் நீட்டினாள் போட்டோக்காரி.

"பாருங்க, எவ்வளவு அழகா இருக்கீங்க! யார் என்ன நினைச்சா உங்களுக்கென்ன?"

மருமகள் பார்த்தாள். சிரிப்பு அணைந்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"இவ்வளவு பெருசாவாக்கா தெரியுது?"

மாமியார் வருவதற்குள் எடுத்த மூன்று நான்கு படத்திலும் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தாள். "இந்தப் பக்கம் திரும்பேன்" என்று புருஷன் கெஞ்சினான். மாமனார் கைவசமிருந்த ஜோக்கையெல்லாம் செலவழித்தார். அவள் பல் தெரியவில்லை.

தண்ணீரோடு வந்த மாமியார் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டாள். போட்டோக்காரியை ஓரமாக அழைத்தாள்.

"காட்டிட்டியா?"

கோபமில்லை. அதுதான் போட்டோக்காரியை என்னவோ செய்தது. "மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க ஏதோ..."

"கல்யாணத்தன்னிக்கும் இதே கதைதான். ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஓடி ஓடிப் போய் ஸ்கிரீனைப் பாத்தா. பாக்கப் பாக்க முகம் செத்துப்போச்சு. ஆல்பம் முழுக்க ஒரு சிரிப்பு கிடையாது. வீட்டுல எங்களோட இருக்கறப்ப இவ சிரிக்கிறதை நீ பாக்கணுமே! அது ஒரு படத்துலயாவது வரட்டும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்."

போட்டோக்காரி அவசரமாகப் படங்களைப் பின்னால் தள்ளினாள்.

"வந்திருக்கும்மா! இங்க பாருங்க."

மருமகளின் குலுங்கிய சிரிப்பைப் பார்த்து மாமியாரின் முகம் அப்படியே மலர்ந்தது.

"இதேதான்! இதைப் பெருசாப் போட்டுக் குடு. ஹால்ல மாட்டணும்."

செய்த தப்பை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் போட்டோக்காரிக்கு.

"பிரமாதமாப் போட்டுத் தரேம்மா. கம்ப்யூட்டர்ல வெச்சு, அந்தத் தழும்பையும் இருந்த இடம் தெரியாம அழிச்சுடறேன்."

கேமராவிலிருந்து தலை நிமிர்ந்தாள் மாமியார்.

"ஐயோ, உனக்குமா அதுதான் தெரியுது?"