தாழ் போட்ட நூற்பு வகுப்பு

"நீ வெளியே இரு ஏட்டி, சுந்தரம்," என்று சொல்லிவிட்டு தேவகிருபை டீச்சர் கதவைத் தாழிட்டார்.

தினமும் இதே கதைதான். ஏழாம் வகுப்புக்கு மத்தியானம் நூற்பு. புதிதாக வந்த வார்தாக் கல்வி. பிள்ளைகள் கைத்தொழிலோடு படிக்க வேண்டுமாம். அதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் டிரெயினிங் பள்ளியிலிருந்து என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பினார்கள். நான் பார்ப்பதெல்லாம் கதவைத்தான்.

இந்த ஊரில் எனக்குப் பேச ஆளில்லை. விடியுமுன்னே பருத்திக்காட்டுக்குப் போகிற சின்னப் பிள்ளைகளின் குரல் என் அறை ஜன்னலில் கேட்கும். மாசிப் பனி காயுமுன் பருத்தி எடுத்துவிட வேண்டுமே. அவர்களும் கடந்துவிட்டால், அவ்வளவுதான்.

பள்ளியிலும் வராந்தாதான் கதி. உள்ளே சத்தமே வராது. நாற்பது பிள்ளைகள் நூற்றால் நூற்கிற தக்ளிக் கதிர் ஒன்றாவது கீழே விழாதா?

வகுப்பு முடிந்ததும் நூல் சிட்டங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மெல்லிசு, ஒரே முறுக்கு.

"நாப்பது பிள்ளைக்கும் ஒரே கையா டீச்சர்?"

"ஒனக்கு உடம்பு அம்புட்டும் வாய்தான்! பார்த்தா போய்ச் சொல்லணும்லா? பார்க்காம இருக்கது ஒனக்கும் நல்லது."

மறுநாள் காலை, அந்த வகுப்பில் படிக்கிற வெள்ளத்தாயைக் கேட்டேன். அவள் நிமிரவேயில்லை.

"சொல்லக் கூடாதுன்னாவ அக்கா."

சரி, கடையில் வாங்கின நூல்தான். இதற்குப் பெயர் சீர்திருத்தம்!

திங்கட்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். சிட்டங்களைத் தடவிப் பார்த்து, "பேஷ்! மாகாணத்துக்கே காட்டலாம்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று குட்டை உடைத்துவிடுவது. டீச்சர் வேலை போனால் போகட்டும்.

பூட்ஸ் சத்தம் வராந்தாவில் நெருங்கியது. அவருக்குக் காட்டவே ஜன்னல் கதவைத் தள்ளினேன்.

நாற்பது பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தாய் தூக்கத்தில் ஏதோ முனகினாள். விடியுமுன் என் ஜன்னலில் கேட்கிற அதே குரல். பருத்தி ஓடு கீறின அவள் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது.

நடுவில் தேவகிருபை டீச்சர் மட்டும் விழித்திருந்தார். நாற்பது பேர் பஞ்சையும் மடியில் போட்டுக்கொண்டு, தனியாக நூற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தக்ளி நின்றது.

"உள்ளே என்னம்மா, வகுப்பு நடக்குதா?" முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்.

ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"நடக்குய்யா. மெல்லப் போங்க, சத்தம் கேட்டா நூல் அறுந்துரும்."