நாலால் வகுபடாத பிறந்தநாள்

"இந்த மெஷினுக்குக் கணக்கே தெரியல," என்றான் சேதுபதி.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரைத்தான் சொன்னான். அதற்குப் புரோகிராம் எழுதப் பழகுவதற்காகச் சில குமாஸ்தாக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் சேதுபதியும் ஒருவன். அன்றிலிருந்து தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதுகூட இங்கிலீஷில்தான் பேரம் பேசுகிறான் என்று கேள்வி.

முதல் பாடம் சுலபமானது. ஒரு வருஷத்தைக் கொடுத்தால் அது லீப் வருஷமா இல்லையா என்று மெஷின் சொல்ல வேண்டும். நாலால் வகுபட்டால் லீப் வருஷம். நூறாலும் வகுபட்டால் மட்டும் நானூறால் ஒரு தரம் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதை எழுதி, மெஷின் படிக்கும் அட்டைகளில் ஓட்டை போட்டு முடிக்கச் சேதுபதிக்கு ஒரு வாரம் பிடித்தது.

விடை தெரிந்த வருஷங்களைக் கொடுத்துத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று பாடம் நடத்திய மிஸ்டர் டான் சொல்லியிருந்தார். சேதுபதிக்குச் சந்தேகமே இல்லாமல் விடை தெரிந்த வருஷம் 1938. அவன் மனைவி சந்திரமதி பிறந்த வருஷம். தேதி, பிப்ரவரி இருபத்தொன்பது. ஜாதகத்திலேயே எழுதியிருந்தது.

அந்தத் தேதியில் அவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிறந்தநாள் சேலை நாலு வருஷத்துக்கு ஒன்று எடுத்தால் போதும். 1964-ல் எடுத்தான். அடுத்தது 1968-ல்தான். இதை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

1938 லீப் வருஷம் இல்லை என்று மெஷின் அடித்துத் தள்ளியது. மறுபடி கொடுத்தான். மறுபடியும் இல்லை என்றது.

கூடப் படிக்கும் சாகுல் ஹமீது பென்சிலை நீட்டினான். "மெஷினை ஏன் திட்டுறே? கையால வகுத்துப் பாரு லா."

சேதுபதி வகுத்தான். மிச்சம் இரண்டு வந்தது. இன்னொரு தரம் வகுத்தான். அதே இரண்டு. கணக்குப் பிரிவில் புலி என்று பேர் வாங்கியவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த எண்ணை நாலால் வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது. உன் வீட்டுக்காரம்மாதான் இல்லாத நாள்ல பொறந்துருக்காங்க," என்றான் சாகுல். வகுப்பே சிரித்தது.

பஸ்ஸில் வரும்போது சேதுபதிக்கு விஷயம் புரிந்தது. பொய் ஜாதகம் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். ரத்தம் கொதித்தது.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. சேதுபதி ஜாதகத்தை நம்பாதவன். சீர்திருத்தக் கூட்டங்களில் அதைக் கிழி கிழி என்று கிழிப்பவன். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தோஷமாவது மண்ணாவது என்று தாலி கட்டியவன். அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன். வீட்டிலோ, குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, "தோஷக்காரிக்கு வாழ்க்கை கொடுத்திருக்கேன்" என்று ஞாபகப்படுத்துவான்.

நம்பாத ஜாதகம் மெய்யாக இருந்தால் என்ன, பொய்யாக இருந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தான். கோபம் குறைந்துவிடும்போல் இருந்தது. யோசிப்பதை நிறுத்திக்கொண்டான்.

வீட்டில் சந்திரமதி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டுல பிப்ரவரி இருபத்தொன்பதே கிடையாது. கம்ப்யூட்டர் சொல்லுது," என்றான் செருப்பைக்கூடக் கழற்றாமல். "நீ என்னிக்குப் பொறந்தே?"

அவள் கை நின்றது. "ஆகஸ்ட் பன்னண்டு. ஐசி அடையாள அட்டையில அப்படித்தான் இருக்கு. நீங்க பார்த்ததே இல்ல."

"அப்ப ஜாதகம் பொய்?"

"பொய்தாங்க. அவசரத்துல எழுதின ஜோசியர் இல்லாத தேதியைப் போட்டுட்டாரு."

"எல்லாம் உங்கப்பன் வேலை. பெட்டியைக் கட்டு. உன்னை அங்க கொண்டுபோய் விட்டுட்டுத்தான் மறுவேலை."

"அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. அழுது எழுத வச்சது நான்."

"எதை மறைக்க? உன் தோஷம்தான் எனக்கு முதல்லயே தெரியுமே. அதைவிடப் பெருசா என்ன இருந்துச்சு?"

"எனக்குத் தோஷமே இல்லீங்க. தோஷம் உங்களுக்கு."

சேதுபதி உட்கார்ந்தான். நெத்திலித் தலைகள் கிடந்த காகிதத்தின் மேல் உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை.

"தோஷமுள்ள பொண்ணாத்தான் வேணும்னு உங்கம்மா தரகர்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. இல்லாத பொண்ணைக் கட்டினா அவ உசுருக்கு ஆகாதாம். உங்ககிட்ட சொன்னா ஜாதகத்தைக் கிழிச்சுப் போட்டுடுவீங்கன்னு மறைச்சுட்டாங்க. அதான் எனக்கும் தோஷம் இருக்குற மாதிரி எழுத வச்சேன்."

இத்தனை வருஷம் வாழ்க்கை கொடுத்தது யார், வாங்கிக்கொண்டது யார் என்று நினைத்துப் பார்க்கவே சேதுபதிக்கு வெட்கமாக இருந்தது.

"உசுருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுமா?" என்றான் கடைசியில். "உனக்குப் பயமா இல்லியா?"

சந்திரமதி நெத்திலிச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி ஒரு கூட்டத்துல உங்க பேச்சைக் கேட்டேன். தோஷமெல்லாம் பொய்யின்னு சொன்னீங்க. நான் நம்பிட்டேன்."