பஸ்ஸில் ஒட்டிய ஏலக்காய்

ஹூப்ளி பஸ் நிலையத்தில் மத்தியான வெயில் பஸ்ஸின் பக்கவாட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. பளபளக்கும் சிவப்பும் தங்கமுமாய் ஒரு பாக்கெட்டின் படம், கீழே ‘ஏலக்காய்’ என்ற எழுத்து. புகையிலை விளம்பரங்களைச் சோதிக்க வந்த அதிகாரி ஷைலஜா ஹிரேமட், எச்சரிக்கைப் படம் எங்கே என்று பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வருகிறார். “வெறும் ஏலக்காய் மேடம், இதுக்கு எதுக்குப் புத்துநோய் படம்?” கண்டக்டர் கட்டிமனி மோவாயைத் தூக்கி, வாயில் ஊறியது சிந்தாமல் சொல்கிறார். ஷைலஜா அவர் பல்லின் கறையையே பார்க்கிறார். பிறகு எதிர்ப் பெட்டிக்கடையில் போய் நின்று பஸ்ஸைக் காட்டுகிறார். “அண்ணா, அதுல ஒண்ணு குடுங்க.” கடைக்காரர் தொங்கும் பாக்கெட் சரத்திலிருந்து சரக்கென்று ஒன்றைக் கிழித்து நீட்டுகிறார். அதே சிவப்பு, அதே தங்கம்; பாக்கெட்டில் பாதிக்கு மேல் புகையிலை எச்சரிக்கை, அழுகிய வாயின் படம். “நான் ஏலக்காய் கேட்டேனே?” கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்க்கிறார். “பாயசத்துக்கா? மளிகைக் கடைக்குப் போங்கக்கா.”