லைட் எரியுற ஆஸ்பத்திரி

“வண்டியத் திருப்புய்யா. ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?”

வாட்ச்மேன் கம்பால் ஆட்டோவின் கூரையில் ஓங்கித் தட்டினார்.

உள்ளே ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடந்தான். அவனைத் தாங்கிப் பிடித்திருந்த பெண் வெளியே தலையை நீட்டினாள்.

“எங்க அண்ணனுக்கு மூச்சு விட முடியலைங்க. ஒரு டாக்டரக் கூப்பிடுங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“டாக்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இது சினிமா எடுக்கற இடம். பைபாஸ் தாண்டி இருக்கு பெரிய ஆஸ்பத்திரி. அங்க போ.”

“பொய் சொல்லாதீங்க. லைட் எரியுது, ஆம்புலன்ஸ் நிக்குது. நர்ஸுங்க நடக்கறது எனக்குத் தெரியலையா?”

வாட்ச்மேன் ஆட்டோவின் முன்பக்கத்தைப் பிடித்து ரோட்டைப் பார்க்கத் தள்ளினார். “இன்னும் ஒரு நிமிஷம் நின்னே, கண்ணாடிய நொறுக்கிடுவேன்” என்றார் டிரைவரிடம்.

ஆட்டோ பறந்தது. அந்தப் பெண் சாபம் விட்டுக்கொண்டே போனது தெருமுனை வரை கேட்டது.

பின்னால் நின்ற காரில் இருந்த மாநகராட்சி அதிகாரிக்கு மானம் போயிற்று. அவள் பக்கத்தில் ஒரு சினிமாத் தயாரிப்பாளர் உட்கார்ந்திருந்தார். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க அவரை அவள்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருந்தாள்.

“உங்க ஊர்ல வரவேற்பு பலமாத்தான் இருக்கு, மேடம்.”

சினிமாக்காரர்களை இந்த ஊருக்கு இழுத்து வருவதுதான் மாநகராட்சியில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. ஊரில் மலையும் இல்லை, கடலும் இல்லை. மூடிக் கிடந்த பழைய ஆஸ்பத்திரியைப் படப்பிடிப்புக்கு விடலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். அதற்குப் பிறகு லாட்ஜ்களில் ரூம் கிடைக்காத நிலை. மேயர் மேடைக்கு மேடை அவளைப் புகழ்ந்தார்.

‘மருத்துவமனை மூடப்பட்டது’ என்ற போர்டு கேமராவில் விழுகிறது என்று ஒரு டைரக்டர் முணுமுணுத்தபோது, அதையும் அன்றைக்கே கழற்ற வைத்தாள். அங்கே இப்போது ‘அவசர சிகிச்சை’ என்று சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

தயாரிப்பாளருக்கு வார்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் சுற்றிக் காட்டினாள். ஏதோ ஒரு படத்துக்கு ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. துணை நடிகர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு வடையைக் கடித்தபடி அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அசல் ஆஸ்பத்திரி தோத்துடும்” என்று தயாரிப்பாளர் திருப்தியாகக் கிளம்பினார்.

அவரை வழியனுப்பியதும் முதல் காரியமாக வாட்ச்மேனைக் கூப்பிட்டு அனுப்பினாள். முன்பு மருந்து கொடுத்த அறைதான் இப்போது அவளுக்கு ஆபீஸ்.

“வர்றவங்க சீக்காளிங்க. பதமா ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பினா உங்க வாய் தேஞ்சுடுமா?”

“பதமாச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்கம்மா.”

“அதுக்காகக் கம்பெடுத்து அடிப்பீங்களா? உங்க வீட்டு மனுஷங்கன்னா இப்படித்தான் விரட்டுவீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஆனால் நகரவும் இல்லை.

“இன்னும் என்ன?”

“எனக்குப் பதிலா போடற ஆளை நல்ல முரடாப் பார்த்துப் போடுங்கம்மா. சாதுவான ஆளு வேண்டாம்.”

“திமிரா உங்களுக்கு?”

“இல்லம்மா. நயமாப் பேசினா, இன்னும் கொஞ்சம் கெஞ்சினா உள்ள விட்டுடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு நிப்பாங்க. பயந்தாத்தான் ஓடுவாங்க. சீக்கிரம் ஓடினாத்தான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உசுரோட போய்ச் சேர முடியும்.”

“இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னது?”

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மழைக்கு முன்னாடி இங்க ஒரு படம் எடுத்தாங்க. நான் அப்ப குடோன்ல மூட்டை தூக்கிக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரிக்கு நெஞ்சு வலின்னு தனியா இங்க வந்திருக்கா. கேட்டுல யாரும் தடுக்கல. உள்ள நோயாளி வேஷம் போட்டவங்க வரிசையா பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. இவளும் போய்க் கடைசியா உக்காந்துட்டா.”

அதிகாரி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“படக்காரங்க வராமப் போயிடுவாங்கன்னு மேலிடத்துல விஷயத்தை அமுக்கிட்டாங்க. உங்க காதுக்கு வந்திருக்காது. அதுக்கப்புறம்தான் காலைக் கையைப் பிடிச்சு இந்த கேட்டு வேலையை வாங்கினேன்.”

“அவங்க... யார்கிட்டயும் சொல்லலையா?”

“பக்கத்துல இருந்தவங்க இவளையும் நடிக்க வந்தவள்னே நெனச்சிருக்காங்க. சாயங்காலம் படப்பிடிப்பு முடிஞ்சு எல்லாரும் எழுந்தாங்க. இவ மட்டும் எழுந்திருக்கல.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நடுவுல ரெண்டு தடவை எழுந்து போய், டாக்டர் வேஷத்துல வெள்ளைக் கோட்டு போட்டவர்கிட்ட வலி தாங்கலன்னு சொல்லியிருக்கா. அவர் என்னை மாதிரி விரட்டலம்மா. ரொம்பத் தன்மையாத்தான் சொல்லியிருக்கார், ‘போய் உக்காருங்கம்மா, உங்க முறை வந்ததும் கூப்பிடறோம்’னு.”