நீலக் கீற்று

செல்வலட்சுமி இரண்டாவது வரியை வாசித்து முடிப்பதற்குள் ஜிஷா ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள்.

முதல் வரி அப்படி. போன் திரையில் பச்சைப் பசேலென்று, கொட்டை ஆங்கில எழுத்தில்: 'சபாஷ்! ஓர் ஒளி வளையத்தைப் பிடித்துவிட்டீர்கள்!'

தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்த நாத்தனார் ஜிஷா கூவியே விட்டாள். தன் போனில் அதைப் படம் பிடித்தாள். 'எங்க மதினி ஆகாசத்தில் புது வளையம் கண்டுபிடிச்சாச்சு!' என்று மலையாளத்தில் எழுதி, கூடவே நாலு ராக்கெட் பொம்மையைச் சேர்த்து ஊருக்கே அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது வரி பொடி எழுத்தில் இருந்தது.

'இது உங்கள் கண்ணைச் சோதிக்க நாங்களே வரைந்து வைத்த படம். தொடர்ந்து தேடுங்கள்.'

செல்வலட்சுமி அந்த வரியைத் திரும்பவும் வாசித்தாள்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்கு மண்டியில் பில் போடுகிறவள் அவள். ஒரு வாரமாக இதே பைத்தியம். பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி மிதக்கும் தொலைநோக்கி ஒன்று கேலக்ஸிகளைப் படம் எடுத்துக் குவிக்கிறது. விஞ்ஞானிகளுக்குப் பார்த்து மாளவில்லை. யார் வேண்டுமானாலும் போனில் பார்த்து உதவலாம் என்றார்கள். இவள் சேர்ந்துவிட்டாள்.

தேட வேண்டியது ஒளி வளையத்தை. பின்னால் வெகு தொலைவில் இருக்கும் கேலக்ஸியின் வெளிச்சத்தை முன்னால் நிற்கும் கேலக்ஸி வளைத்து, உடைந்த வளையல் துண்டு போலத் தன்னைச் சுற்றி மாட்டிக்கொண்டிருக்கும். அந்த வளைவை அளந்தால் முன்னால் நிற்பதன் எடை தெரியும். அதிலிருக்கும் நட்சத்திரங்களையெல்லாம் கூட்டினாலும் அந்த எடையில் பாதிகூடத் தேறாது. மீதி என்ன? யாருக்கும் தெரியாது.

அதை நினைத்தாலே அவளுக்குப் புல்லரிக்கும். யாரும் பார்க்காத ஒரு வளையத்தை முதலில் தான் பார்த்துவிட வேண்டும். அதுதான் ஆசை.

இப்போது ஆசை ஸ்டேட்டஸில் ஏறி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சந்து முழுக்க ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். முதலில் எதிர்வீட்டுக் காளியம்மை வந்தாள். பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளர் முத்துவேல், ஸ்கூட்டரை அணைக்காமலே வாசலில் நின்றார்.

"அடிபொளி செல்வி! நல்ல போட்டோ ஒண்ணு அனுப்பு. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மெஷினை ஓட விட்டு நிக்கான். ஆறு மணிக்கு கவுன்சிலர் வருதார்."

"அண்ணே, வேண்டாம். அது நிஜமில்ல. பரீட்சைக்குன்னு அவங்களே வரைஞ்சு வச்ச படம்."

ஜிஷாவின் முகம் வெளுத்தது. முத்துவேல் ஸ்கூட்டரை அணைத்தார்.

"பாஸ்தானே ஆயிருக்கே? பத்தாங்கிளாஸ்ல ஃபுல் ஏ பிளஸ் வாங்கினாலே நம்ம ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். பின்னே என்ன?"

"அண்ணே, பொய்யா என் மூஞ்சிய சந்து முனையில தொங்க விடாதீங்க. நாளைக்கு நான் அந்த வழியா வேலைக்குப் போகணும்."

அவள் குரல் உடைந்ததில் முத்துவேலின் சிரிப்பு நின்றது.

காளியம்மைதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாரமில்ல மோளே, போனாப் போகுது. நிஜமானது எப்படி இருக்கும்? எங்க, ஓட்டு பார்ப்போம்."

செல்வலட்சுமி திரையைத் தள்ளினாள். புகை போல ஒரு கேலக்ஸி. அடுத்து, தட்டைப் பக்கவாட்டில் பிடித்தது போல ஒன்று. அடுத்து வெறும் புள்ளிகள். முத்துவேலும் உள்ளே வந்து உட்கார, நான்கு தலைகள் ஒரு போனுக்கு மேல் குவிந்தன.

அடுத்த படத்தில் அவள் விரல் நின்றது.

நடுவில் மஞ்சள் பொட்டு. அதை ஒட்டி, நகத்தால் கீறினாற்போல, மெல்லிய நீலக் கீற்று. வளைந்திருந்தது.

"இது அதுதானே மதினி? தொடுங்க! தொடுங்க!"

தொட்டாள்.

நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பச்சை எழுத்து வரவில்லை. சபாஷ் வரவில்லை. சத்தமில்லாமல் அடுத்த படம் வந்து நின்றது.

"போச்சு. ஃபெயில்," என்று முத்துவேல் எழுந்தார். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு மெஷினை நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினார். காளியம்மை, "அடுத்த பரீட்சையில பார்த்துக்கலாம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். ஜிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்டேட்டஸை அழித்தாள்.

செல்வலட்சுமி மட்டும் எழுந்திருக்கவில்லை. பார்த்து முடித்த படங்களுக்குள் போய், அந்த ஒன்றைத் திரும்ப எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

மஞ்சள் பொட்டுக்கு இந்தப் பக்கம் நீலக் கீற்று. நேர் எதிரே, அந்தப் பக்கத்தில், அதே நீலத்தில் கடுகளவு ஒரு புள்ளி. ஒரே வெளிச்சம் இரண்டு வழியாகச் சுற்றி வந்தால் அப்படித்தான் விழும்.

அவள் உதடு தானாக விரிந்தது.

"எதுக்கு மதினி சிரிக்கிறீங்க? ஒரு சபாஷ்கூட சொல்லல்லியே அவன்."

செல்வலட்சுமி அந்த நீலப் புள்ளியை அவளுக்குச் சுட்டிக் காட்டினாள்.

விடை தெரிந்த கேள்விக்குத்தான் உடனே சபாஷ் சொல்ல முடியும்.

இந்தப் படத்துக்கு விடை, பூமியில் இன்னும் ஒருவரிடமும் இல்லை.