டிரா வேண்டாம்

மெனெகாத்தி கறுப்புக் கோட்டு போட்டு வந்திருந்தார், துக்க வீட்டுக்கு வந்தவர் போல. பியத்ரநேரா கால்பந்து அணி ஆடும் இடமெல்லாம் அவர் கழுத்தில் கிடக்கும் சிவப்புத் துண்டை இன்று காணோம்.

மைதானத்து ஓரத்திலிருந்து மேலே கேலரியில் அவரைப் பார்த்த இலாரியோவுக்கு வயிறு குளிர்ந்தது. 'இன்னிக்குத் தோத்துடுவோம்னு இப்பவே வெட்கம் வந்துடுச்சாக்கும்' என்று நினைத்துக்கொண்டான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பியத்ரநேராவின் பயிற்சியாளராக இருந்தவன் அவன். வேலையை விட்டுத் தூக்கியவர் கிளப் முதலாளி மெனெகாத்தி. நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளின் முதல் நற்கருணை விருந்தில், சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, ஹோட்டல் டிவியில் செய்தி ஓடியது. "அப்பா, உங்களைத்தான் சொல்றாங்க" என்றாள் மகள், வெள்ளை கவுனோடு.

அதன் பிறகு எந்த அணியில் வேலை பார்த்தாலும் இந்த ஒரு நாளுக்காகத்தான் பார்த்தான். இப்போது மோந்தெசால்வோ என்ற சின்ன ஊர் அணியின் பயிற்சியாளர். சீசனின் கடைசி ஆட்டம், எதிரில் பியத்ரநேரா. டிரா ஆனால் இரண்டு அணியும் தப்பும். தோற்கிற அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கும்.

இரண்டு பக்கமும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் விழவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவன் அணியின் கேப்டன் நெவியோ தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஓடி வந்தான். அங்கே ஆட்டக்காரர்கள் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்டர், அவங்களும் அடிக்க மாட்டாங்க, நாமளும் அடிக்க வேணாம். ரெண்டு ஊரும் நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும்."

"யாரு நிம்மதியாப் போறது? மேல உக்காந்திருக்கானே, அந்த ஆளா?"

"ஒரு கோல் வாங்கினா நம்ம பொழைப்பு போச்சு மிஸ்டர். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க."

"எனக்கும் ஒரு பிள்ளை இருக்குடா. போய் ஆடு."

தற்காப்பில் நின்ற ஒருவனை வெளியே இழுத்துவிட்டு, கோலடிக்கிற ஆள் இன்னொருத்தனை உள்ளே அனுப்பினான். அடுத்த கணமே பியத்ரநேராக்காரன் ஒருவன் தனியாகப் பாய்ந்து அடித்த பந்து கம்பத்தில் மோதித் தெறித்தது.

"யோவ், உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?" என்று முதுகுக்குப் பின்னால் சொந்த ஊர்க்காரர்களே கத்தினார்கள். இலாரியோ திரும்பவில்லை.

கடைசியில் ஒரு கார்னர் கிடைத்தது. கூட்டத்துக்கு மேலே எம்பி நெவியோ தலையால் முட்டினான். வலை அதிர்ந்தது.

இலாரியோ வலையைப் பார்க்கவில்லை, மெனெகாத்தியைத்தான் பார்த்தான். அவர் எழுந்து நின்றிருந்தார், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

விசில் ஊதியதும் பியத்ரநேராவின் சிவப்புச் சட்டைக்காரர்கள் புல்லில் விழுந்து அழுதார்கள். அவர்களில் கோல்கீப்பர், இலாரியோ முன்பு ஆளாக்கிவிட்ட பையன். "மிஸ்டர், நாங்க உங்களுக்கு என்ன பண்ணோம்?" என்று கேட்டான். இலாரியோ அவனைத் தாண்டிப் போய்ப் படியேறினான்.

மேலே மோந்தெசால்வோ கிளப்பை நடத்திவந்த கிழவர் அமெதேயோ, கையை விரித்துக்கொண்டு வந்தார். இலாரியோ அவரை ஒதுக்கிவிட்டு மெனெகாத்தியின் முன்னால் போய் நின்றான்.

"என்ன சார், இதையும் டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுல்ல? அதான் நேர்ல சொல்ல வந்தேன். உங்க கிளப்பை மூணாம் பிரிவுக்கு அனுப்பிட்டேன்."

மெனெகாத்தியின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் இலாரியோவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

"அதுவா? அதை நான் போன மாசமே வித்துட்டேனேப்பா. டிரா ஆனாப் போதும்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன், நீ ஜெயிச்சே குடுத்துட்ட. நான் கொடுத்துவெச்சவன்."

இலாரியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அமெதேயோவின் பக்கம் திரும்பினான்.

கிழவர் சிரித்தபடி அவன் தோளில் தட்டினார்.

"சீசன் முடியட்டும்னுதான் சொல்லலை, நம்ம கிளப்பை வாங்கினதே இவர்தான்!"